பெரிய ரேடியேட்டர் வாங்கும் முன், கூலன்ட் எங்கே போகிறது என்று பாருங்கள்

சென்னை வாசகர் ஒருவர், பெயரைப் போட வேண்டாம் என்ற குறிப்போடு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வண்டியின் மாடலையும் தவிர்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயது 28. 370 சிசிக்கு மேற்பட்ட ஒற்றை சிலிண்டர் லிக்விட் கூல்டு பைக் (என்ஜின் சூட்டைக் கூலன்ட் என்ற திரவம் ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விடும் வகை), 2018-ல் பதிவானது. செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஓடியது 34,000 கிலோமீட்டர். தினமும் திருவான்மியூரிலிருந்து சிறுசேரிக்கு ஓ.எம்.ஆர். வழியாக ஆபீஸ் போகிறார். சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் கோடுகள் ஏறுகின்றன, ஃபேன் நிற்பதே இல்லை. கோடை தொடங்கியதிலிருந்து இரண்டு முறை சிவப்பு விளக்கும் எரிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே கால் சுடுகிறது. ரிசர்வ் டேங்கில் கூலன்ட் மாதம் 200 மில்லி அளவுக்குக் குறைகிறது. அவ்வப்போது ஊற்றிச் சரிக்கட்டி வருகிறார். பழைய உரிமையாளர் மாட்டிய தேன்கூடு வலைத் தடுப்பு (கார்டு) ஒன்று ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது.

மெக்கானிக் நான்கு வழி சொல்லியிருக்கிறார்: 14,000 ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் டபுள் கோர் (இரண்டு வரிசை டியூப் உள்ள) அலுமினிய ரேடியேட்டர் போடுவது, தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வை) கழற்றி எறிவது, ஃபேனுக்கு நேரடி சுவிட்ச் கொடுப்பது, கூலன்டை விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுவது. அடுத்து கொல்லிமலைப் பயணம், அதற்குப் பிறகு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டிராக் டே (பந்தயத் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டும் நாள்) இருக்கிறதாம். எந்த ரேடியேட்டர் வாங்கலாம், சட்டத்திலும் இன்சூரன்ஸிலும் சிக்கல் வருமா என்பவை கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்டது ரேடியேட்டரைப் பற்றி. ஆனால் கடிதத்தில் முக்கியமான வரி, மாதம் 200 மில்லி குறைகிறது என்பதுதான். கூலிங் சிஸ்டம் மூடிய அமைப்பு. சூடாகும்போது விரியும் கூலன்ட், ரேடியேட்டரின் மூடி வழியாக ரிசர்வ் டேங்குக்குப் போகும், ஆறியதும் அதே வழியில் திரும்பி வரும். நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு வருடம் முழுக்க அரை டம்ளர் ஊற்றினாலே அதிகம். மாதாமாதம் 200 மில்லி போகிறதென்றால் அது எங்கோ வெளியே கசிகிறது, அல்லது என்ஜினுக்குள் எரிகிறது. இரண்டில் எதையும் பெரிய ரேடியேட்டர் சரிசெய்யாது. கசிவு பெரிதாகும்வரை கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கால் சுடுவது வேறு, என்ஜின் மிகையாகச் சூடாவது வேறு. பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியாகப் போய்விடும். மிச்சத்தைக் கூலன்டும் ஆயிலும் என்ஜினின் உடலும் வெளியே தள்ளியாக வேண்டும். ரேடியேட்டரைப் பெரிதாக்கினால் அந்தச் சூடு குறைந்துவிடாது. அதே சூடு இன்னும் தடையில்லாமல் காற்றில் இறங்கும், ஃபேன் அதை உங்கள் காலை நோக்கியே ஊதும். கால் சுடுவதற்காக மட்டும் 14,000 ரூபாய் செலவு செய்தால் ஏமாற்றம்தான். சைலன்ஸர் பைப்பின் ஹீட் ஷீல்டும், ரேடியேட்டரின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் தடுப்புகளும் கழற்றப்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் இவை அடிக்கடி காணாமல் போயிருக்கும். கூடவே கனமான பேன்ட், கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ. காலுக்கு இவைதான் நிவாரணம்.

200 மில்லி எங்கே போகிறது

முதலில் மூடியைப் பாருங்கள். என்ஜின் முழுக்க ஆறியிருக்கும் காலை நேரத்தில் மட்டும் திறக்க வேண்டும். மூடியின் மேல் 1.1 அல்லது 108 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். அது எவ்வளவு அழுத்தம்வரை தாங்கிப் பிடிக்கும் என்பதைச் சொல்வது. இந்த அழுத்தத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. தண்ணீரும் கிளைக்காலும் (கூலன்டின் மூலப்பொருள்) பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், மூடியில்லாமல் இருந்தால் 107 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், 1.1 பார் மூடிக்குள் அதே கூலன்ட் 129 டிகிரி வரை தாங்கும். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, அந்த இருபதுக்கு மேற்பட்ட டிகிரிப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். 105, 110 டிகிரியிலேயே குமிழ் விட்டு ரிசர்வ் டேங்கை நிரப்பி வழியும். மூடியின் நடுவில் ஒரு சின்னத் தட்டு வால்வு உண்டு. ஆறும்போது கூலன்டைத் திரும்ப இழுப்பது அதுதான். நகத்தால் மெல்ல இழுத்தால் அசைந்து, விட்டால் மூட வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் காலையில் ரேடியேட்டர் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். சில நூறு ரூபாயில் முடியும் பொருள் இது. சந்தேகம் இருந்தால் அதே அழுத்த எண் உள்ள புதிய மூடி போட்டுவிடுங்கள். அதிக எண் உள்ள மூடி போட்டால் கொதிநிலை கொஞ்சம் ஏறும், ஆனால் என்ஜின் ஒரு டிகிரிகூடக் குளிராது. பழைய ஹோஸுக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும்தான் சுமை கூடும்.

அடுத்து வாட்டர் பம்ப். பம்ப் உறைக்குக் கீழே ஒரு சிறு துளை இருக்கும். அழுக்கு என்று நினைத்து யாராவது அதில் சிலிக்கான் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அங்கே பச்சை, சிவப்பு அல்லது நீலக் கறை, வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பம்பின் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது என்று அர்த்தம். துளையை அடைத்தால் கசியும் கூலன்ட் ஆயில் பக்கம் போகும். ஆயில் பார்க்கும் கண்ணாடியில் காபி டிகாக்ஷனில் பால் கலந்த நிறம் தெரிந்தால் அதற்குமேல் வண்டியை ஓட்டாதீர்கள்.

மூன்றாவதும் செலவு வைப்பதும் ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டருக்கும் அதன் மேல்பகுதிக்கும் (ஹெட்) நடுவே கசியாமல் அடைக்கும் தகடு. ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து, கழுத்துவரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் பாருங்கள். ஆரம்பத்தில் வரும் ஒன்றிரண்டு குமிழ் சிக்கியிருந்த காற்று. சோடா பாட்டில்போல விடாமல் குமிழ் வந்தாலோ, லேசாக ஆக்சிலேட்டரைத் திருகும்போது கூலன்ட் பொங்கி எழுந்தாலோ, எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது. உறுதிசெய்ய நிறம் மாறும் திரவ டெஸ்ட் ஒன்று உண்டு: ரேடியேட்டர் வாயிலிருந்து காற்றை நீலத் திரவம் வழியாக இழுப்பார்கள், எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். இரண்டு முறை சிவப்பு விளக்கு எரிந்த வண்டி என்பதால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டர் ஓரத்து மடிப்பு, கல் பட்ட டியூப் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தாலே போதும். கசிந்து காய்ந்த இடம் பிசுபிசுப்பாக இருக்கும், இனிப்பு வாடை வரும்.

தெர்மோஸ்டாட், தண்ணீர், சுவிட்ச்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னது தவறு. அது 80 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, அதற்குமேல் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதாகத் திறந்துவிடும். உங்கள் சிக்கல் 100 டிகிரிக்கு மேலே நடக்கிறது. அந்த நேரத்தில் நல்ல தெர்மோஸ்டாட் ஏற்கெனவே அகலத் திறந்தே இருக்கும். கழற்றிப் பெறுவதற்கு ஒன்றுமில்லை. இழப்பது நிறைய: அதிகாலையில் ஈ.சி.ஆரில் ஓடும்போது என்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராது, இ.சி.யூ. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதல் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கும், மைலேஜ் விழும், ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேரும். பாதியில் சிக்கிக்கொள்கிறதோ என்ற சந்தேகம் இருந்தால் கழற்றி, நூலில் கட்டி, வெந்நீர்ப் பாத்திரத்தில் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். தண்ணீர் கொதிக்கும் முன்னரே வால்வு நன்றாக விலக வேண்டும். விலகாவிட்டால் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள், வெறுமையாக விடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன்: ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். பாதிக்குப் பாதி கலவைக்கு ஏறக்குறைய 3.4 போதும். ஆனால் சென்னையில் நாம் கூலன்ட் ஊற்றுவது உறைந்துவிடும் என்ற பயத்தால் இல்லை. அது கொதிநிலையை உயர்த்துகிறது, அலுமினியத்தை அரிப்பிலிருந்து காக்கிறது. ஓ.எம்.ஆர். பக்கத்து போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு உள்ளே சுண்ணாம்புப் படலமாக ஒட்டும். அந்தப் படலம் அலுமினியத்தைவிடப் பல பத்து மடங்கு குறைவாகவே சூட்டைக் கடத்தும். பழைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்று தெரியாத நிலையில், ரேடியேட்டர் போதவில்லை என்று தோன்றுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே முதலில் ஒரு சுத்தமான ஃப்ளஷ். பழையதை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, மேல் ஹோஸ் சுடும்வரை ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு வடியுங்கள். வடிவது தெளிவாகும்வரை இரண்டு மூன்று முறை; ஐந்து லிட்டர் கேன் ஒன்று தாராளம். பிறகு கையேட்டில் சொன்ன வகை கூலன்ட். 'ரெடி மிக்ஸ்' என்றிருந்தால் தண்ணீர் சேர்க்கவே கூடாது; கான்சென்ட்ரேட் என்றால் கேனில் உள்ள விகிதப்படி டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று நினைக்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

நிரப்பும்போது ரேடியேட்டரின் கழுத்து மிக உயரத்தில் இருக்கும்படி முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து, மெதுவாக ஊற்றி, ஹோஸைக் கையால் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். காற்றை வெளியேற்றும் ப்ளீட் ஸ்குரூ இருந்தால் அங்கே குமிழில்லாமல் கூலன்ட் வரும்வரை திறந்து வையுங்கள். எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். 150 மில்லி குறைவாகப் போயிருந்தால் அந்த இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. அது சிலிண்டர் ஹெட் பக்கம் போனால் சிவப்பு விளக்கு மறுபடி எரியும். மூடிய பிறகு ஐடிலில் (வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது) ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட்டு, மறுநாள் காலை மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள்.

ஃபேன் சுவிட்சை நான் முழுதாக மறுக்கவில்லை. ஒரிஜினல் இணைப்பை வெட்டிவிட்டு நேரடி சுவிட்ச் மட்டும் வைத்தால், ஒருநாள் போட மறப்பீர்கள். அன்று என்ஜின் போகும். வைப்பதென்றால் இ.சி.யூ. வழி அப்படியே இருக்க, இக்னிஷனோடு இயங்கும் தனி ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), தனி ஃப்யூஸ் வைத்து, ஒரிஜினல் ரிலேயின் அவுட்புட்டோடு இணையாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கைப்பிடி சுவிட்ச் ரிலேயை இயக்கினால் போதும், ஃபேனின் முழு மின்சாரமும் அதன் வழியே ஓடக் கூடாது.

அளந்து பாருங்கள்

இவையெல்லாம் முடிந்த பிறகும் சூடு ஏறினால், அப்போது ரேடியேட்டரைச் சந்தேகிக்கலாம். அதற்கும் முன் அந்தத் தேன்கூடு கார்டைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். நெருக்கமான வலை காற்றை நன்றாகவே தடுக்கும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் (ஃபின்) பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் சாதாரணக் குழாய்த் தண்ணீரை என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக ஊற்றிக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன் ஃபின்களை ஒரே நொடியில் படுக்க வைத்துவிடும். மடங்கியவற்றைப் பிளாஸ்டிக் குச்சியால் பொறுமையாக நிமிர்த்தலாம்.

ஃபேன் ஓடும்போது ஒரு டிஷ்யூ பேப்பரை ரேடியேட்டரின் முன்பக்கம் காட்டுங்கள். அது ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளப்பட்டால் யாரோ வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஃபேன் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டியும் ஒட்டாமலும் தொங்கினால் ஐடிலில் ஃபேன் கனெக்டரில் வோல்டேஜ் பாருங்கள். 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிவதால் நின்ற நிலையில் பேட்டரிக்குச் சுமை அதிகம். 12.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி, சார்ஜிங், எர்த் இணைப்பு இவற்றில்தான் கோளாறு.

பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். பளபளக்கும் அலுமினியத்தில் நேராகக் காட்டினால் பொய் சொல்லும். ரேடியேட்டரின் நுழைவாயில், வெளிவாயில் இரண்டிலும் சிறு துண்டு மாஸ்க்கிங் டேப் ஒட்டி அதன்மேல் அளவுங்கள். ஃபேன் ஓடும்போது ஐந்திலிருந்து பத்து டிகிரி வித்தியாசம் இயல்பு. இருபதுக்கு மேல் இருந்தால் கூலன்ட் ஓட்டம் குறைவு: பம்ப், தெர்மோஸ்டாட், அடைப்பு என்று தேடுங்கள். இரண்டு இடமும் சூடாக, வித்தியாசமே இல்லையென்றால் காற்று போகவில்லை. கோரின் நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அங்குள்ள டியூப்கள் அடைத்திருக்கின்றன.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்த பிறகு, வெளிக்காற்று 30 டிகிரியிலிருந்து 40-க்கு ஏறினால் கூலன்டும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். ஜனவரியில் 98-ல் நின்ற வண்டி மே மாதம் 108 காட்டுவதும், ஃபேன் விடாமல் ஓடுவதும் மட்டுமே கோளாறு ஆகாது. சிவப்பு விளக்கு எரிவதுதான் கோளாறு.

மாற்றுவதென்று முடிவானால்

டபுள் கோர் என்றதும் இரண்டு மடங்கு குளிர்ச்சி என்று நினைக்க வேண்டாம். பின்வரிசைக்குப் போய்ச் சேருவது முன்வரிசை ஏற்கெனவே சூடாக்கிய காற்று. கோர் தடிக்கத் தடிக்கக் காற்று நுழைவதும் கஷ்டமாகும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று அதை ஈடுகட்டும். பெருங்குடி சிக்னலில் நிற்கும்போது இருப்பது அந்தச் சின்ன ஃபேன் மட்டும்தான். உங்கள் தினசரி ஓட்டத்துக்குத் தடிமனைவிட முகப்புப் பரப்பும் நல்ல ஃபேனும் முக்கியம். ஃபேனைச் சுற்றியுள்ள உறையையும் விட்டுவிடாதீர்கள். உறை இல்லாவிட்டால் ஃபேனின் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதி வழியாக மட்டும்தான் காற்று இழுபடும். மூலைகள் சும்மா நிற்கும்.

வாங்கும் முன் உறுதிசெய்ய வேண்டியவை: ஹோஸ் வாய்களின் அளவும் கோணமும், மூடிக் கழுத்தின் அளவு, சென்சார் இருந்தால் அதன் மரை, ஒரிஜினல் ஃபேன் பொருந்தும் துளைகள், ரப்பர் புஷ் வைக்க இடம். கடைசியில் சொன்னதுதான் பலரும் தவறவிடுவது. ஒற்றை சிலிண்டரின் அதிர்வில், ரப்பர் இல்லாமல் போல்ட்டால் இறுக்கிய அலுமினிய ரேடியேட்டரின் வெல்டிங் சீக்கிரமே விரியும்.

மாட்டிய பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அது மட்டும் போதாது. ராட்செட் பெல்ட்டால் முன் ஃபோர்க்கை முழுக்க அமுக்கிக் கட்டி, டயருக்கும் மட்கார்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே குறைந்தது ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது தாராளமாகத் தெரியும் இடம், வேகத்தடையில் இறங்கிப் பிரேக் பிடிக்கும்போது இருக்காது. தடித்த கோர் டயரில் உரசினால் ரேடியேட்டரும் போகும், முன் சக்கரத்தின் பிடியும் போகும்.

சட்டம், இன்சூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ(4) பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் இருப்பது என்ஜின் எண், சேசிஸ் எண், எரிபொருள், நிறம் போன்றவை. ரேடியேட்டர் அதில் இல்லை. அதே இடத்தில், வெளியே துருத்தாமல் பொருத்திய ரேடியேட்டரால் அந்த விவரங்கள் மாறுவதில்லை. ஃபிரேமை வெட்டி பிராக்கெட் வெல்டிங் செய்தால் கதை வேறு; அதைச் செய்யவே வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில்லை இணைத்து ஒரு மின்னஞ்சல் போட்டு, அவர்கள் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கிளெய்ம் வரும்போது 'சொல்லவில்லை' என்ற பேச்சுக்கு இடமிருக்காது. பழைய ரேடியேட்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், விற்கும்போது தேவைப்படும்.

கொல்லிமலையும் டிராக்கும்

காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் கூலிங் சிஸ்டத்துக்குக் கடினமான தேர்வு: சுமை அதிகம், வேகம் குறைவு, எதிர்க்காற்று இல்லை. உயர்ந்த கியரில் முக்கிக்கொண்டு ஏறாதீர்கள். ஒரு கியர் குறைத்தால் என்ஜின் வேகம் கூடும். பம்ப் என்ஜினோடு சுற்றுவதால் கூலன்ட் ஓட்டமும் கூடும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காமல் இந்த ஏற்றத்துக்கு அந்த வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். மூடியைத் தொடாதீர்கள், உள்ளே 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும் திரவம் முகத்தில்தான் அடிக்கும். சூடான என்ஜின்மேல் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம்.

டிராக்கில் நிலைமை நேர்மாறு. முழு ஆக்சிலேட்டரில் நீண்ட நேரம் ஓடும், எதிர்க்காற்றும் தாராளம். பெரிய ரேடியேட்டர் நிஜமாகவே கைகொடுப்பது இங்கேதான். ஆனால் கிளைக்கால் கலந்த கூலன்ட் தார் மேல் சிந்தினால் வழுக்கும், எளிதில் காயாது. பந்தய விதிகள் பலவும் அதைத் தடைசெய்வது அதனால்தான். பதிவு செய்யும்போதே ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். தண்ணீர் மட்டும் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு, விதி அனுமதித்தால் அரிப்புத் தடுப்பான் சேர்த்து ஓட்டிவிட்டு, வீடு திரும்பியதும் மறுபடி கூலன்ட் நிரப்பிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். வடித்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் வாசலில் வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும்; தெரு நாய்களும் பூனைகளும் நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். மூடியுள்ள கேனில் அடைத்து, மேலே எழுதி ஒட்டி, பழைய ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் இதையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.